கூத்துமேடையும் ஆவணப்படமும்: தோட்டப் பட்டணத்திலிருந்து ஒரு தொழிலை அமைத்துக்கொள்ளும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் போன்ற தோட்டப் பட்டணங்களில் கேமராவைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் இரண்டுதான். உள்ளூரிலேயே தங்கித் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா ஆகியவற்றைப் படமெடுப்பது ஒன்று. கோலாலம்பூருக்குப் போய்த் தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் உதவியாளராகச் சேர்வது மற்றொன்று. இந்த வழிகாட்டி மூன்றாவது வழியைப் பற்றியது. ஆவணப்படம் எடுப்பதையும், மேடையில் பாடி நடிக்கப்படும் இசைநாடகத்தைப் படமாகப் பதிவு செய்வதையும் சேர்த்தே கற்று, இரண்டையும் ஒரே தொழிலாக நடத்தலாம். மேலைநாடுகளில் ஓபரா என்னும் இசைநாடகத்தையும் ஆவணப்படத்தையும் இப்படிச் சேர்த்துச் செய்தே பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தொழில் வாழ்க்கையில் நமக்குப் பயன்படுவதை எடுத்துக்கொண்டு, பயன்படாததை விட்டுவிட வேண்டும்.

இவ்விரண்டும் எப்படி ஒரே தொழிலாகும் என்ற கேள்வி எழலாம். கதைப்படத்தில் இயக்குநர் திருப்தி அடையும் வரை நடிகரை மீண்டும் நடிக்கச் சொல்லலாம். கோயில் திடலில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தை நிறுத்தி, “வாத்தியாரே, அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடுங்கள்” என்று கேட்க முடியாது. தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிக்கப்படும் காலையில் இயந்திரத்தை நிறுத்தி வைக்கவும் முடியாது. நிகழ்ச்சி நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே அடுத்து என்ன வரும் என்பதை முன்னமே அறிந்திருப்பவருக்குத்தான் படம் கிடைக்கும். எந்தக் கேமராவை வாங்குவது என்று மாதக்கணக்கில் ஆராயும் நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அந்த மாதங்களை ஒத்திகைக் கொட்டகையில் உட்கார்ந்து கழியுங்கள்.

முன்னோடிகளிடம் எதை எடுத்துக்கொள்வது

ஓபராவைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கியவர்களுள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவர் இங்கிலாந்தின் பிரையன் லார்ஜ். அவர் முறையாக இசை பயின்றவர். செக் இசையமைப்பாளர்களான ஸ்மெட்டனாவைப் பற்றி 1970இலும் மார்ட்டினூவைப் பற்றி 1975இலும் அவர் எழுதிய நூல்கள் வெளிவந்தன. பி.பி.சி.யில் பணியாற்றிய அவர், பின்னர் ஜெர்மனியின் பைராய்ட் அரங்கில் பிரெஞ்சு நெறியாளர் பேட்ரிஸ் ஷெரோவின் நெறியாள்கையில் நடந்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் நான்கு பகுதி இசைநாடகத்தைப் படமாக்கினார். 1992 ஜூலையில் புச்சீனியின் ‘டோஸ்கா’ என்ற ஓபரா ரோம் நகரில் கதை நிகழும் அதே இடங்களில், கதையில் குறிக்கப்பட்ட அதே நேரங்களில் பாடப்பட்டு நேரலையாக ஒளிபரப்பப்பட்டபோதும் ஒளிபரப்பின் காட்சிகளைத் தெரிவு செய்தவர் அவரே. பாடகர்கள் தேவாலயத்திலும் அரண்மனையிலும் கோட்டையிலும் நிற்க, இசைக்குழு வேறோர் இடத்தில் இசை நடத்துநர் ஜூபின் மேத்தாவின் கீழ் வாசித்தது. இத்தகைய பணியில் தவறுக்கு இடமே இல்லை. இசைக்குறிப்பைப் படித்து, எந்தச் சுரத்தில் எந்தக் கேமராவுக்கு மாறுவது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தவரால்தான் அதைச் செய்ய முடிந்தது. இசைக்குறிப்பைப் பார்த்தபடி வரவிருக்கும் இடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பதற்கென்று ஓபரா ஒளிபரப்புகளில் தனியாக ஒருவர் இருப்பார். அவ்வேலையை நம் மேடைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாமவர் அமெரிக்காவின் சூசன் ஃப்ரோம்கி. மேசில்ஸ் சகோதரர்களின் ஆவணப்படக் குழுவில் வளர்ந்து, அவர்களோடு சேர்ந்து பியானோ மேதை ஹொரோவிட்ஸ் போன்ற இசைக்கலைஞர்களைப் படமெடுத்தவர். பிற்காலத்தில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவைப் பற்றி மட்டும் பல படங்கள் எடுத்தார். இளம் பாடகர் போட்டியைப் பற்றிய படம் 2009இலும், வாக்னர் நாடகத்துக்கு மாபெரும் இயந்திர மேடை ஒன்று கட்டப்பட்ட கதை 2012இலும், அந்த ஓபரா மாளிகையின் வரலாறு 2017இலும் வெளிவந்தன. ஒரே நிறுவனத்துக்குள் ஆண்டுக்கணக்கில் வந்துபோய், தையல்காரர் முதல் மேடைத் தச்சர் வரை எல்லோரும் தம்மைப் பழகிய முகமாக ஏற்கும்படி செய்ததே அவருடைய முதலீடு. நாம் இதை அப்படியே பின்பற்றலாம். நாடக மன்றம், உருமி மேளக் குழு, கோயில் நிர்வாகம் என்று எதுவாயினும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதனோடு பத்தாண்டுகள் இருப்பது, பத்து இடங்களுக்கு ஓடுவதைவிட மேலானது.

மூன்றாமவர் ஃபிரெடெரிக் வைஸ்மன். சட்டம் படித்துவிட்டுப் படமெடுக்க வந்த இவர், படப்பிடிப்பில் கேமராவைத் தொட்டதில்லை. ஒலிவாங்கியைத் தாமே ஏந்தி, காது போகும் திசையில் ஒளிப்பதிவாளரை அழைத்துச் செல்வார். பாரிசின் கொமெடி பிரான்சேஸ் நாடக அரங்கையும் பாரிஸ் ஓபராவின் நடனக் குழுவையும் இப்படித்தான் படமாக்கினார். படப்பிடிப்பு சில வாரங்களில் முடிந்துவிடும்; படத்தொகுப்புக்குப் பல மாதங்கள் ஆகும். தம் படங்களைத் தாமே விநியோகிப்பதற்கு 1971இல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கியதையும் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் நூலகங்களுக்கும் அவர் படங்கள் அந்நிறுவனத்தின் வழியாகவே போயின.

இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்று உண்டு. லார்ஜுக்குப் பின்னால் பி.பி.சி. இருந்தது. மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006 டிசம்பர் 30 அன்று உலகத் திரையரங்குகளுக்கு நேரலையைத் தொடங்கியபோது அதற்குப் பின்னால் பெரும் நன்கொடையாளர்கள் இருந்தார்கள். பத்துக்கு மேற்பட்ட கேமராக்களும் ஒளிபரப்பு வண்டியும் கொண்டு செய்யப்படும் அப்படங்களைப் பார்த்துவிட்டு, நம்மிடம் மூன்று கேமராக்கள்தானே இருக்கின்றன என்று தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. அவர்களுடைய ஆயத்த முறை மட்டும் நமக்குப் போதும்.

இது நமக்கு அந்நியமான கலை அன்று

ஓபரா என்றதும் ஐரோப்பிய மாளிகைகள் நினைவுக்கு வருவதால், இத்துறை நமக்கு எட்டாதது என்று பலர் கருதுகிறார்கள். உண்மை வேறு. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த பிறகு சில ஆண்டுகளுக்குத் தமிழ்ப் பேசும் படங்களில் பெரும்பாலானவை மேடை இசைநாடகங்களின் படப்பதிவுகளாகவே இருந்தன. கே. சுப்பிரமணியம் 1934இல் இயக்கிய ‘பவளக்கொடி’ எம்.கே. தியாகராஜ பாகவதர் மேடையில் நடித்துப் புகழ்பெற்ற நாடகம். படத்தில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன. சீனாவின் முதல் படமாகக் கருதப்படும் 1905ஆம் ஆண்டுப் படமும் பீக்கிங் இசைநாடகம் ஒன்றின் காட்சிகளே. மலாய்த் திரைப்படத்தின் தொடக்கத்திலும் பங்சாவான் என்னும் மலாய் இசைநாடக மேடையின் நடிகர்களே இருந்தார்கள். அவர்களை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ். ஆவணப்படத்திலும் நமக்கு மூதாதை உண்டு. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் உலகைச் சுற்றிக் காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் திரட்டி 1940இல் முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டார்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடத் தோன்றுகிறது. அமேசான் காட்டின் நடுவே மனாவுஸ் நகரில் 1896இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற ஓபரா மாளிகை ரப்பர்ப் பணத்தில் கட்டப்பட்டது. அந்தப் பணம் வற்றியதற்குக் காரணம் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள். அவற்றில் பால் வெட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் பாட்டன் பாட்டிமார். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட முதல் ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது; சுங்கை சிப்புட்டிலிருந்து சிறிது நேரப் பயணம்தான். ஆவணப்படத்துக்குப் பொருள் தேடி வெளியூர் போக வேண்டும் என்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

மேடையைப் படமாக்கும் முறை

முதல் வேலை காட்சி ஏடு தயாரிப்பது. நம் நாடகங்களுக்கு அச்சிட்ட இசைக்குறிப்புக் கிடையாது. பாட்டு வாத்தியாரின் நினைவிலும், எண்ணெய்க் கறை படிந்த கைப்பிரதியிலும் இருக்கும். ஆகையால் குறைந்தது மூன்று ஒத்திகைகளுக்காவது கேமரா இல்லாமல் போய் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒலியை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னர் பள்ளி நோட்டு ஒன்றில் நான்கு பத்திகள் கிழித்து, பாட்டின் முதலடி, அதைப் பாடுபவர் நிற்கும் இடம், பாட்டு எழுவதற்கு முன் காதுக்குக் கிடைக்கும் அடையாளம், அப்போது எந்தக் கேமரா எங்கே இருக்க வேண்டும் என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். மூன்றாவது பத்திதான் உயிரானது.

எடுத்துக்காட்டாக மயான காண்டத்தில் சந்திரமதி, பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனை மடியில் கிடத்திப் புலம்பும் இடத்தைப் பார்ப்போம். நான் கவனித்த குழு ஒன்றில், புலம்பலுக்கு முன் மிருதங்கம் நின்றுவிடும். ஆர்மோனியம் மட்டும் சுருதியை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். சந்திரமதி வேடக்காரர் பிள்ளையின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, மூச்சை இழுத்த பிறகே முதலடியைத் தொடங்குவார். மிருதங்கம் நின்ற அக்கணமே இரண்டாவது கேமரா அவர் முகத்துக்கு வந்துவிட வேண்டும். பாட்டு எழுந்த பிறகு நகர்ந்தால், அந்த விரல் முடியை ஒதுக்கியதும் போகும், மூச்சும் போகும், பார்வையாளருக்கு வெறும் பாட்டு மட்டும் மிஞ்சும். அதே நேரம் மேடையின் மறுபுறம் சுடலைக் காவலனாகக் கோலூன்றி நிற்கும் அரிச்சந்திரன் ஒன்றும் செய்யாமல் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவது கேமராவின் பொறுப்பு அந்தக் கேட்கும் முகம். பாடுபவரையே காட்டிக்கொண்டிருப்பது புதியவர்கள் செய்வது. கேட்பவரின் முகத்தில்தான் நாடகம் பாதி நடக்கிறது.

நிகழ்ச்சியன்று உதவியாளர் ஒருவர் இந்த ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு, வரவிருப்பதைக் கேமராக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விலை மலிந்த வாக்கிடாக்கியும் காதொலிப்பானும் போதும். நாழிகை போய்விட்டது என்று வாத்தியார் இரண்டு பாட்டுகளை விட்டுத் தாண்டுவதும், கூட்டம் கைதட்டினால் கோமாளி கால் மணி நேரம் கூடுதலாகப் பேசுவதும் வழக்கம். அப்போதெல்லாம் பக்கத்தைப் புரட்டிச் சரியான இடத்தைப் பிடிப்பவர் அந்த உதவியாளரே. பாட்டுத் தெரிந்த, தூக்கம் வராத ஒருவரை இதற்குத் தேர்ந்தெடுங்கள். குழுவிலிருந்து ஓய்வுபெற்ற பின்பாட்டுக்காரர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

கேமராக்களில் ஒன்று மேடை முழுவதையும் காட்டியபடி அசையாமல் இருக்கட்டும். மற்ற இரண்டில் ஏதேனும் தவறு நேர்ந்தால் படத்தொகுப்பில் காப்பாற்றுவது அதுதான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 சட்டங்கள், ஷட்டர் வேகம் 1/50 என்று வைத்துக்கொண்டால் குழல் விளக்குகளின் சிமிட்டல் பெரும்பாலும் தெரியாது, மலிவான எல்.இ.டி. வண்ண விளக்குகளை மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும். ஜரிகையும் கண்ணாடிச் சில்லும் பதித்த கிரீடம் வெளிச்சத்தில் பொரிந்துவிடும். ஒளியளவை முகத்துக்கு வையுங்கள், கிரீடம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

ஒலிக்கு இதைவிடக் கூடுதலான கவனம் வேண்டும். படம் சற்று மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பாட்டு உடைந்தால் எழுந்து போய்விடுவார்கள். ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வடம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்; கூட்டம் ஆரவாரிக்கும்போதெல்லாம் அவர் கை தானாக ஒலியைக் கூட்டும். மேடை விளிம்பில் இரண்டு ஒலிவாங்கிகளையும், பார்வையாளர் பக்கம் ஒன்றையும் தனியாக வைத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிவு செய்யுங்கள். நாதசுரத்துக்கும் தப்பு மேளத்துக்கும் மிக அருகில் ஒலிவாங்கியைக் கொண்டுபோனால் ஒலி வெடித்துவிடும். இரண்டு மீட்டர் விலகி இருக்கட்டும். உருமியின் உறுமல் தாழ்ந்த ஒலியாதலால் கைப்பேசியில் கேட்கும்போது காணாமல் போகும். இறுதிக் கலவையை நல்ல ஒலிபெருக்கியிலும் கைப்பேசியிலும் மாற்றி மாற்றிக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நிகழ்ச்சி தொடங்கும் முன் எல்லாக் கேமராக்களும் பார்க்கும்படி ஒருமுறை கைதட்டி வைத்தால், பின்னர் ஒலியையும் படத்தையும் பொருத்துவது எளிது.

மேடையிலேயே எடுப்பதா, வெளியில் எடுப்பதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு உலகில் பல விடைகள் உண்டு. ஸ்வீடனின் திரைப்பட இயக்குநர் பெர்க்மன், மோசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ நாடகத்தை அந்நாட்டுத் தொலைக்காட்சிக்காக எடுத்தபோது, 18ஆம் நூற்றாண்டின் பழைய அரங்கு படப்பிடிப்பைத் தாங்காது என்பதால் அதைப் போன்ற மேடையைப் படப்பிடிப்புக் கூடத்தில் கட்டி, பாடல்களை முன்பே பதிவு செய்துகொண்டார். படம் 1975 புத்தாண்டு நாளில் ஒளிபரப்பானது. அதே காலத்தில் திரைப்பட இயக்குநர்களான ஸ்ட்ராவ், ஹுயே தம்பதியர், இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ஓபராவை இத்தாலியின் பழைய திறந்தவெளி அரங்கில் எடுத்தபோது, இசைக்குழுவை மட்டும் முன்பே பதிவு செய்து, பாடகர்களின் குரலைப் படப்பிடிப்பிலேயே பிடித்தார்கள். என் கருத்தில் நம் இசைநாடகத்துக்கு இந்த இரண்டாவது மனப்பாங்கே பொருந்தும். முன்பதிவுக்கு வாயசைக்கச் சொன்னால் நம் மூத்த கலைஞர்கள் கட்டுண்டு போவார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக இழுத்துப் பாடுவதுதான் அவர்கள் கலை.

மழையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பேராக்கில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. தகரக் கூரையின் மேல் மழை பெய்யும்போது பேட்டி எடுக்க முடியாது. காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஆவணப்படத்தின் பொருளும் கேள்வியும்

சுங்கை சிப்புட் என்றதும் வெளியார் எல்லோரும் 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டதையும் அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலத்தையும் எடுக்கவே வருவார்கள். அது எழுதப்பட்டும் படமாக்கப்பட்டும் விட்டது. உள்ளூர்க்காரருக்கு மட்டுமே எட்டும் பொருள்கள் வேறு. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலை இழந்த குடும்பங்கள், 1960இல் மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சிறுகச் சிறுகப் பணம் கட்டியவர்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் பெயர்ந்தவர்கள், லயத்தை விட்டு வந்த பிறகும் பழைய தோட்டத்துக் கோயிலுக்கு ஆண்டுக்கொரு முறை திரும்பிப் போகிறவர்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு படம். கூத்துக்குழுவின் வாழ்க்கையையே பொருளாக எடுத்துக்கொண்டால், மேடைப் பதிவும் ஆவணப்படமும் ஒரே உழைப்பில் முடிந்துவிடும்.

முதியவர்களிடம் கேட்கும் கேள்வி கையில் பிடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். “உங்கள் வாழ்க்கை அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், “என்னாத்தச் சொல்றது தம்பி, கஷ்டப்பட்டோம்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். “பாட்டி, பிரட்டுக்குப் போகும்போது கையில என்னென்ன எடுத்துக்கிட்டுப் போவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். (பிரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் கூட்டம்.) பால் கத்தி, தோளில் காவடியாகத் தூக்கும் காண்டா வாளி, பால் வடியும் மங்கைத் துடைக்கும் துணி, காய்ந்த ஒட்டுப்பாலைப் போடும் பை என்று பொருள் ஒன்றொன்றாக வரும். ஒவ்வொரு பொருளோடும் ஒரு மண்டோர் (கங்காணி), ஒரு சண்டை, இருட்டில் கூடவே நடந்து வந்த பிள்ளை என்று ஆட்கள் வந்துவிடுவார்கள். பதில் முடிந்தது என்று நாம் நினைக்கும்போது இன்னும் சிறிது நேரம் பேசாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் அதற்குப் பிறகு வருவதுதான் படத்தில் இடம்பெறும்.

பழைய ஆதாரங்களுக்கு, கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையும், 1946இல் தொடங்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவின் படங்களையும் நாடலாம். பழைய ‘தமிழ் முரசு’ இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்வடிவத் தொகுப்பில் கிடைக்கின்றன. தோட்டத்து நாடக விழாச் செய்திகளை அங்கே தேடிப் பார்க்கலாம். ஆனால் வீட்டு அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் புகைப்படங்களை முந்திக்கொண்டு பதிவு செய்யுங்கள். காப்பகம் அடுத்த ஆண்டும் இருக்கும்.

தோட்டம் தனியார் நிலம் என்பதை மறக்கலாகாது. உள்ளே இருக்கும் கோயிலைப் படமெடுக்கவும் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கேட்டுப் பெறுவதே நல்லது. மறுத்தால், அரசாங்கச் சாலையிலிருந்து தெரிவதை மட்டும் எடுங்கள்.

சட்டமும் வருமானமும்

மலேசியாவில் படம் தயாரிக்கவும், விநியோகிக்கவும், திரையிடவும் உரிமம் வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டின் பினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) சட்டத்தின் நிலை. தொழிலாக நடத்தப் போகிறவர் நிறுவனத்தைப் பதிவு செய்து, உரிம விதிகளைப் பினாஸ் அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுத் திரையிடலுக்குத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் தேவை. இதை வெறும் சடங்காக எண்ண வேண்டாம்: இலங்கைப் போரைப் பற்றிய ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் தணிக்கைக்கு அனுப்பாமல் திரையிட்டதற்காக, மனித உரிமை ஆர்வலர் ஒருவருக்கு 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. தணிக்கைச் சட்டம் சரியா என்பது வேறு விவாதம். கோயில் மண்டபத்தில் திரை கட்டும் முன் அதை அறிந்திருக்க வேண்டும்.

நிகழ்த்துகலைஞர்களுக்கும் தம் நிகழ்ச்சியின் மீது உரிமை உண்டு என்று 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூறுகிறது. எனவே, குழுத் தலைவரிடம் மட்டும் தலையசைப்பை வாங்கிக்கொண்டு படமெடுக்காமல், பாடுபவர், வாசிப்பவர் ஒவ்வொருவரிடமும் தமிழிலேயே எழுதிய ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் பெறுங்கள். படத்தை எங்கே காட்டுவீர்கள், பணம் வந்தால் எப்படிப் பகிர்வீர்கள், குழுவுக்கு எத்தனை பிரதிகள் தருவீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். இடையில் கோமாளி திரைப்படப் பாடல் ஒன்றைப் பாடிவிட்டால், யூடியூபில் ஏற்றும்போது அப்பாடலின் உரிமையாளர் வருமானத்தைக் கோரலாம், படத்தையே தடுக்கவும் செய்யலாம். அந்தப் பகுதியை வெட்டுவதற்கு வசதியாகக் காட்சி ஏட்டில் குறித்து வையுங்கள்.

வருமானம் இத்தொழிலில் ஒரே வாயிலிலிருந்து வராது. பரதநாட்டிய அரங்கேற்றம், கல்லூரிக் கலைவிழா, தைப்பூசம், பள்ளி நூற்றாண்டு விழா ஆகிய மேடைப் பதிவுகள் மாதச் செலவைத் தாங்கும்; அதே நேரத்தில் கையும் காதும் பழகும். ஆகையால் அவற்றை இழிவாக நினைத்து அரைமனத்தோடு செய்யாதீர்கள். அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம்.மும் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவும் தமிழ் நிகழ்ச்சிகளை வெளித் தயாரிப்பாளர்களிடம் வாங்குவதுண்டு, ஆனால் உரிமை முழுவதையும் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தமா, குறிப்பிட்ட காலத்துக்கு ஒளிபரப்பு உரிமை மட்டும் கொடுக்கும் ஒப்பந்தமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு முழு உரிமையையும் கொடுத்துவிட்டு, பின்னர் தம் சொந்தத் தாத்தாவின் பேட்டியைத் தம் படத்தில் சேர்க்க அனுமதி கேட்டு நின்ற இளைஞரை நான் அறிவேன்.

சமூகப் பொருள்களைத் தொடும் குறும் ஆவணப்படங்களுக்கு, பூசாட் கோமாஸ் என்னும் மனித உரிமை அமைப்பு 2003இல் தொடங்கிய ஃபிரீடம் பிலிம் பெஸ்ட் விழா நிதியும் வழிகாட்டலும் வழங்கி வந்திருக்கிறது. வெளிநாட்டில் ஜப்பானின் யமகாத்தா விழா, ஆசிய ஆவணப்பட இயக்குநர்களுக்கு 1989 முதல் இடமளித்து வருகிறது. ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவின் நிதி ஆசியப் படங்களுக்கும் கிடைக்கும். இசை, நடனப் பதிவுகளுக்கென்றே தொலைக்காட்சி விழா ஒன்று பிராக் நகரில் நடக்கிறது; அது 1964இல் தொடங்கப்பட்டது. இவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது ஆங்கிலத் துணைத்தலைப்பு வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டு இயந்திர மொழிபெயர்ப்பிடம் ஒப்படைக்காதீர்கள். ‘ஒட்டுப்பால்’ என்ற சொல்லே அதைத் தடுமாறச் செய்துவிடும்.

படமெடுத்ததைக் காப்பதும் தொழிலின் பகுதிதான். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் மூடி வைத்த லென்சின் உள்ளே சில மாதங்களில் சிலந்தி வலை போன்ற பூஞ்சணம் படரும். வெளியே துடைத்தால் போகாது, பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும், சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், ஈரப்பத அளவி ஒன்றும் வாங்கி, அளவு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மூன்றாவது பிரதி நாடகக் குழுவுக்கு உரியது. அதை வெறும் கோப்பாக மட்டும் கொடுத்தால் அவர்களால் திறக்க முடியாமல் போகலாம். தொலைக்காட்சியில் செருகினால் ஓடும்படி யூ.எஸ்.பி.யில் ஏற்றி, பாட்டு வரிசையைத் தாளில் அச்சிட்டு உடன் வைத்து, வாத்தியார் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள்.